சந்தேகத்துக்குக் கோடு கிடையாது

அரிப்பு இல்லை என்று எழுதியிருந்தது. கோகிலவாணி அதைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள், போனவள் என்னவோ விட்டுப்போன மாதிரி திரும்பி வந்தாள். இடது புறங்காலில் வெளிறிய திட்டு, அரிப்பு இல்லை. அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு கால் டாக்டர் நேற்றுப் பார்த்து எழுதிய ஏதோ ஒரு ஆம்பளையின் கால் அது. இன்றைக்குக் கோயமுத்தூர் சரவணம்பட்டியில், மூன்றாவது மாடியில், ஏசிக் குளிரில், அவள் முன்னால் வெறும் எழுத்தாக வந்து நிற்கிறது. நிற்கட்டும், அவளுக்கென்ன? டாக்டர் எழுதியதைப் படிக்க வேண்டும், வியாதிக்கு உரிய கோடு நம்பரைப் போட வேண்டும், அனுப்ப வேண்டும். அந்த நம்பரைப் பார்த்துத்தான் அங்கே இன்சூரன்ஸ்காரன் டாக்டருக்குப் பணம் தருவான். கால் விரலிடுக்கில் பூஞ்சை வந்தால் பி முப்பத்தஞ்சு பாயிண்ட் மூணு. அதுவே நகத்தில் ஏறி நகம் சொத்தையானால் பாயிண்ட் ஒண்ணு, உடம்பில் படர்தாமரையாகப் படர்ந்தால் பாயிண்ட் நாலு. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். கல்யாணமான புதிதில் அவள் மாமியார், “என்ன வேலைக்கு அம்மிணி போற?” என்று கேட்டபோது, “கோடு போடற வேலைங்கத்தை” என்று சொல்லித் தொலைத்தாள். “கோடு போட்டாச் சம்பளமா? வாசல்ல தெனமுந்தான் நான் போடறேன், அஞ்சு பைசா ஆரு குடுத்தா?” என்று அந்தம்மா மோவாயில் கைவைத்துக்கொண்டதை ஒறம்பரை, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தாயிற்று. இப்போதும் அதை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். இப்போது வரவில்லை. அரிப்பு இல்லை என்ற சொல் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுகொண்டது.

பூஞ்சை என்றால் அரிக்கணும். அதுதானே அதன் குணம். அரிக்காத பூஞ்சை உண்டா? உண்டு, உண்டு, டாக்டர்கள் எழுதி அனுப்பும் எத்தனை சார்ட்டில் பார்த்திருக்கிறாள், எல்லாக் காலும் ஒரே மாதிரியா இருக்கிறது? கம்முனு அடுத்த வரியைப் பாருடி என்று தன்னையே அதட்டிக்கொண்டு கீழே போனாள். பஞ்சால் தொட்டுப் பார்த்ததாக டாக்டர் எழுதியிருந்தார். நோயாளியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, திட்டின்மேல் பஞ்சை வைத்து, எப்போது தொடுகிறேன் என்று சொல்லுங்கள் என்றாராம். சொல்ல முடியவில்லை. திட்டுக்கு வெளியே தொட்டபோது மட்டும் சரியாகச் சொன்னாராம். அதற்கும் கீழே, கடைசி வரியில், தொழுநோயாக இருக்கலாம், உறுதிசெய்ய வேண்டும் என்று இருந்தது. தொழுநோய், அமெரிக்காவிலா? அங்கேயெல்லாமா அது இருக்கிறது? அவள் சேர்ந்த நாளிலிருந்து ஏ முப்பது என்ற அந்த நம்பரை ஒரு தடவைகூடப் போட்டதில்லை, இப்போதும் போடக்கூடாது. ட்ரெய்னிங்கில் பாடம் எடுத்த ரெஜினா முதல் நாளே பலகையில் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தது: இருக்கலாம் என்று எழுதினால், போலத் தெரிகிறது என்று எழுதினால், பார்க்க வேண்டும் என்று எழுதினால், வந்து போகிற நோயாளிக்கு அந்த வியாதியின் கோடு போடாதே, கண்ணுக்குத் தெரிந்த அறிகுறியை மட்டும் போடு. “டாக்டரே இழுக்கறாரு, முடிவு பண்ண நாம ஆரு? சந்தேகத்துக்குக் கோடு கிடையாது.” அப்போது வகுப்பே சிரித்தது. நல்ல சட்டம்தான். நாளைக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால், இல்லாத வியாதியை அந்த மனுசன் சாகிற வரைக்கும் சுமக்க வேண்டாமல்லவா? மரத்துப்போன தோல், அதற்கு ஆர் இருபது. அடித்தாள். அடித்துவிட்டு அனுப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஏனென்றால் அந்தக் கால் அவளுக்குத் தெரிந்த கால். அமெரிக்கக்காரன் கால் அல்ல, அங்கமுத்துவின் கால். சத்தி ரோட்டில் வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கிற அவள் புருசன், விடிந்ததிலிருந்து இருட்டுகிற வரைக்கும் சோப்புத் தண்ணீரில் நிற்கிறவன், கம்பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள் என்றால் அதற்குள்ளும் தண்ணீர் போகுது என்று கழற்றி எறிகிறவன். போன ஐப்பசி மழையில் விரலிடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஊறி, சேத்துப்புண் வந்து, ராத்திரி பாயின் ஓரத்தில் காலைத் தேய்தேய் என்று தேய்த்தான். அவள்தான் டார்ச் அடித்துப் பார்த்தாள். “பி முப்பத்தஞ்சு பாயிண்ட் மூணு!” என்றாள். “எனக்கே நம்பர் குடுத்துட்டியா அம்மிணி? செயில்ல போடற மாதிரி” என்று அவன் சிரித்தான். அப்போதே புறங்காலில், கணுக்காலுக்குக் கீழே, வெளிறலாக ஒன்று இருந்தது. விரலிலிருந்து ஏறியிருக்கிறது, எல்லாம் ஒரே பூஞ்சைதான் என்று அவள்தான் சொன்னாள். எதை வைத்துச் சொன்னாய்? எதை வைத்துடி சொன்னாய்? ஆபீசில் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், விரல் வேறு, நகம் வேறு, புறங்கால் வேறு, ஒன்றைப் பார்த்து இன்னொன்றை ஊகிக்கக் கூடாது, டாக்டர் எழுதாததை நீயாக எழுதக் கூடாது. ஆபீசில் ஒரு நாளும் அவள் அதைச் செய்ததில்லை. வீட்டில் செய்தாள். மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவினாள். விரலிடுக்கு சரியாகிவிட்டது. மேலே இருந்தது போகவில்லை. தை மாதம் அவனே, “ஒரெட்டு டாக்டர்கிட்டக் காட்டலாமா?” என்று கேட்டான், இவள் என்ன சொன்னாள்? “எதுக்குங்க டாக்டரு, நான் தெனமும் இதைத்தான பாக்கறேன்?” அட, என்ன தெனாவட்டு! ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அவனும், “அரிக்கறதே இல்ல, அது பாட்டுக்கு இருக்குது, போச்சாது விடு” என்றான். அரிக்கவில்லை என்றதும் அவளுக்குச் சந்தோசம். நல்லதுதானே என்று நினைத்தாள்.

சரி, சரி, நிறுத்து. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இருதய சார்ட் பார்த்துக்கொண்டிருந்த வருசம் அவளுக்கு இடது தோள் வலித்துக்கொண்டே இருந்தது, ஈசிஜி எடுத்துப் பார்த்தால் துணி துவைத்த வலி. ரெஜினாவுக்கு மூளைக்கட்டி சார்ட் வந்த வாரம் முழுக்கத் தலைவலி. கோடருக்கு வருகிற வியாதி இது, இதற்கு மட்டும் நம்பர் இல்லை என்று சொல்லிச் சிரிப்பார்கள். வெளிறலாக இருந்தால் எல்லாம் அதுவா? தேமல் இல்லையா, சோப்புத் தண்ணீர் பட்டு வெளுத்தது இல்லையா? கோகிலவாணி மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றினாள். வலது கால் கட்டைவிரல் நகத்தால் இடது புறங்காலைக் கீறினாள். தெரிந்தது. இன்னும் மெதுவாக, தூசி விழுகிற மாதிரி வைத்தாள். அதுவும் தெரிந்தது, ஆனால் குளிரில் கொஞ்சம் மந்தமாக. பார்த்தாயா, இந்தக் குளிருக்கு யார் காலும் மரத்துத்தான் போகும். அமெரிக்காவில் இதைவிடக் குளிர். அந்தாளுக்கும் குளிராக இருக்கும். ஒன்றுமில்லை. அப்படி நினைத்து மூச்சு விடும்போதே செருப்பு ஞாபகத்துக்கு வந்தது. கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள், அதனால்தான் வந்திருக்கும். அன்னூரில் சித்தப்பா வீட்டுக் கல்யாணம், வண்டியை எங்கேயோ நிறுத்திவிட்டு மண்டபத்துக்குள் நுழைந்த அங்கமுத்துவின் இடது காலில் செருப்பு இல்லை. வலது காலில் மட்டும் இருக்கிறது. அவனுக்கே தெரியாது. பந்தியில் எவனோ பார்த்துக் கத்த, மண்டபமே சிரித்தது. “பொண்டாட்டி சேலைத் தலப்பப் பாத்துக்கிட்டே வந்தா மாப்பிள்ளைக்குச் செருப்பு கழண்டது எப்புடித் தெரியும்?” என்று சித்தப்பா சொன்னார், அவள் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்று வரைக்கும் எந்த விசேசத்துக்குப் போனாலும், “மாப்பிள்ளை, ரெண்டும் இருக்குதுங்களா?” என்று கேட்கிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள், அவனும் சிரிக்கிறான். கழன்று விழுந்த செருப்பு, தரையில் வெறும் காலாக நடந்திருக்கிறான், சித்திரை வெயில், கொதிக்கிற தார் ரோடு. தெரியவில்லையா அவனுக்கு?

இன்னொன்று வேண்டாம் என்றாள், இன்னொன்று வந்துவிட்டது. அப்படித்தான், கதவை ஒரு விரற்கடை திறந்தால் போதும். பங்குனியில் கணுக்கால் பக்கம் பெரிய கொப்புளம். இவள் கேட்டதற்கு அப்புறம்தான் அவன் குனிந்து பார்த்தான். “அட, எப்பப் பட்டுச்சு? ஏதோ வண்டி சைலன்சர் சுட்டிருக்கும்” என்று அடுத்தவன் காலைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னான். தண்ணீரிலேயே நிற்கிற கால், காய்ச்சுப்போன கால் என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. தனித்தனியாக வந்தபோது எல்லாம் சிரிப்பாக இருந்தது. குஷ்டம். அந்தச் சொல்லை மனசுக்குள் சொல்வதற்கே அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். குழாயடிச் சண்டையில் பெண்கள் மண்ணை வாரித் தூற்றுகிறபோது கேட்ட சொல் அது. அது சாபம் இல்லை, வியாதி என்று அவளுக்குத் தெரியும். மாத்திரை இருக்கிறது, கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் சும்மாவே தருகிறார்கள், சாப்பிட ஆரம்பித்தால் அடுத்தவருக்கு ஒட்டாது, சுத்தமாகக் குணமாகிவிடும், நாள் கடத்தினால்தான் நரம்பு செத்து விரல் மடங்கும், கால் துவளும், போனது திரும்பி வராது. எல்லாம் தெரியும், பரீட்சை எழுதி மார்க் வாங்கியவள். நாள் கடத்தியது யார்? அவன் காட்டலாம் என்றான், இவள் வேண்டாம் என்றாள். அவர்களுடைய பாப்பா தினமும் சாயங்காலம் அவன் புறங்கால்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அவன் முழங்காலைக் கட்டிக்கொள்ளும், அவன் யானை மாதிரி ஆடி ஆடி வீடு முழுக்க நடப்பான். அந்தக் கால்மேல்தான். ஐயோ சாமி, அந்தக் கால்மேல்தான்.

“என்ன கோகி, அதே சார்ட்ல குடியிருக்கற?” டீம் லீடாகிவிட்ட ரெஜினா பின்னால் வந்து நின்றாள். கோகிலவாணி திடுக்கிட்டுச் செருப்பைத் தேடினாள். “இதுக்கு ஏ முப்பது போடோணுமா ரெஜி?” “எங்கே காட்டு. இருக்கலாம்னுதான எழுதியிருக்காரு? போட்டுக் கீட்டுத் தொலைச்சிராத, ஆடிட்ல கழுத்தறுத்துருவாங்க. மரத்த தோலு, ஆர் இருபது, சரியாத்தான போட்டிருக்க? அப்பறம் என்ன ரோசனை?” “இல்ல, அந்தாளு என்ன ஆவாரு?” “எந்தாளு?” “அந்தக் காலு.” ரெஜினா அவள் முகத்தைக் குனிந்து பார்த்தாள். “அதை அங்கிருக்கற டாக்டர் பாத்துக்குவாரு. பஞ்ச வெச்சுப் பாத்திருக்காரு, சந்தேகப்பட்டிருக்காரு, இனி டெஸ்ட் எடுப்பாரு. உனக்கென்ன வெசனம்? ஒடம்பு சரியில்லையா?” ஒன்றுமில்லை என்று கோகிலவாணி தலையாட்டினாள். ரெஜினா போய்விட்டாள். அங்கே டாக்டர் பார்த்துக்கொள்வார். முகம் தெரியாத அந்த ஆம்பளைக்கு, தொட்டுப் பார்க்க ஒருவர் இருக்கிறார், சந்தேகப்பட ஒருவர் இருக்கிறார். அங்கமுத்துவுக்கு யார் இருக்கிறார்கள்? என்னை நம்பித்தானே கம்மென்று இருந்தான்? போன் பண்ணலாம் என்றால் போன் லாக்கரில் இருக்கிறது, நோயாளி விவரம் வெளியே போய்விடுமாம், இந்த ஃப்ளோருக்குள் போன் கொண்டுவரக் கூடாது, பேனா கூடாது, துண்டுக் காகிதம்கூடக் கூடாது. போன் பண்ணித்தான் என்ன கேட்பது, உங்கள் கால் உங்களுக்குத் தெரிகிறதா என்றா? எப்படியும் மதியச் சோற்றை அவன்தான் கொண்டுவருவான், மாமியார் வடித்து வைத்ததைக் கடையிலிருந்து போய் எடுத்துக்கொண்டு, வண்டியில் தூக்குப்போசி ஆட ஆட. வருவான். வரட்டும். அனுப்பு என்கிற பொத்தானை அழுத்தினாள், அந்தக் கால் திரையிலிருந்து போனது, அடுத்து யாரோ ஒரு கிழவியின் நகம் வந்தது. பாயிண்ட் ஒண்ணு.

நகத்தைப் போட்டாள், அதற்கடுத்த விரலிடுக்கைப் போட்டாள், கை அது பாட்டுக்கு ஓடியது. மனசு மட்டும் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. அந்தக் கோடு. மாசி மாதம், திட்டு வளர்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு நாள் பால்பாயிண்ட் பேனாவால் அதைச் சுற்றிக் கோடு போட்டாளே, அன்றைக்கு அவன் சிரித்தானே? சிரித்தான், நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவன் கூச்சக்காரன். கல்யாணமான புதிதில் கொலுசுக் காலால் பட்டும் படாமலும் தொட்டால்கூடக் கட்டிலை விட்டு எகிறிக் குதிப்பான், அதைச் சாக்கிட்டே அவள் எத்தனை காரியம் சாதித்திருக்கிறாள். அன்றைக்கும், “வேண்டாம் புள்ள, கூசுது, கூசுது!” என்று சிரித்துக் காலை உதைத்தான், கோடு கோணிப்போனது. சிரித்தானென்றால் தெரிந்தது என்றுதானே அர்த்தம்? உயிர் இருக்கிற கால்தானே? அப்பா, பழனியாண்டவா. ஆனால் எப்போது சிரித்தான்? இவள் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றியபோதே சிரித்தான். பேனா கிட்டே வருவதற்கு முன்னாலேயே சிரித்தான். பேனா நிஜமாகவே தோலில் ஓடியபோது? டிவி ஓடிக்கொண்டிருந்தது, இவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. சத்தம் இருந்ததா? நினைத்துப் பார்த்தாள், ஒரு தடவை இருந்தது, மறுபடி நினைத்தால் இல்லை, மறுபடி நினைத்தால் டிவியின் சத்தம் மட்டும் இருந்தது. கண்ணால் பார்த்தவன் சிரிப்பான். கண்ணை மூடினால்தான் தெரியும். தெரியவில்லை என்றால் இன்றைக்கே அரை நாள் லீவு, அந்த வண்டியிலேயே பெரியாஸ்பத்திரி, தோல் டாக்டர், நாளைக்கு என்ற பேச்சே கிடையாது, மாமியாரிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், ஊருக்குச் சொல்லவே வேண்டாம். தெரிந்துவிட்டால்? தெரிந்துவிட்டால் மாரியாத்தாளுக்கு முடிகொடுக்கிறேன் என்று நினைத்தாள். அதற்குள் பக்கத்து நாற்காலிகள் நகர ஆரம்பித்தன, சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது.

கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் அவன் வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு, தூக்குப்போசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பேண்ட் முழங்கால் வரைக்கும் ஈரம். முதலில் அவள் பார்த்தது செருப்பை, இரண்டும் இருந்தது. “ஏம்மிணி, மொகமெல்லாம் இப்புடி வேர்த்துக் கெடக்குது? லிப்ட் ரிப்பேரா?” என்றான். அவள் செக்யூரிட்டி அக்காவின் மேஜையிலிருந்து பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். “ஏனுங்க, வண்டிமேல உக்காருங்க. செருப்பக் கழட்டுங்க.” “ரோட்டுல வெச்சா?” “கழட்டுங்கங்கறேன். கண்ண மூடிக்கோங்க. நான் தொடறப்பத் தொடறப்ப சொல்லோணும், முன்னால சொல்லப்படாது.” பேனாவைப் பார்த்ததுமே அவன் சிரித்துவிட்டான். “மறுபடியும் கோடு போடப் போறியா? வேண்டாம் புள்ள, செக்யூரிட்டி அக்கா பாக்கறாங்க, எனக்குக் கூசும்.” “மூடுங்க மாமா.” அவள் குரலில் என்னவோ இருந்திருக்க வேண்டும், அவன் மூடிக்கொண்டான். கோகிலவாணி மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்து, ஈரமாக இருந்த அந்தக் காலை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள். சோப்பு வாசம் அடித்தது. முதலில் தரையில் படாத உள்ளங்கால் குழிவில் பேனா முனையை வைத்தாள். “ஏய், ஏய், கூசுது!” என்று அவன் எகிறியதில் தூக்குப்போசி மூடி கடகடவென்று ஆடியது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, இருக்கிறது, உயிர் இருக்கிறது. கட்டைவிரலில் வைத்தாள். “ம், வெரல்ல” என்றான். மூச்சைப் பிடித்துக்கொண்டு கணுக்காலுக்குக் கீழே கொண்டுவந்தாள். வெளிறிய இடத்தின் ஓரத்தில் பேனாவை வைத்து அழுத்தி, மெதுவாக, குறுக்கே இழுத்தாள். தோல் பள்ளமாகி மேலே வந்தது, நீலமாக ஒரு கோடு விழுந்தது. அவள் நிமிர்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சத்தை எதிர்பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடியபடி அவன் காத்திருந்தான். திரும்பவும் இழுத்தாள், இன்னும் அழுத்தி.

“இன்னும் தொடலியா அம்மிணி?” என்றான். “சீக்கிரம் தொடு புள்ள, சோறு ஆறுது.”